1098: அடிக்கிற போனை எடுக்கவும் ஆள் வேண்டும், கிளம்பிப் போகவும் ஆள் வேண்டும்

வாசகர் கேள்வி - பதில்

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அரசு தரும் நிதி பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், திருச்சி வட்டாரத்தில் நீண்ட காலம், அந்த எண்ணை முன்பு நடத்திய சைல்டுலைன் அமைப்பின் களப்பணியாளராக இருந்தவர்; இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் ஆற்றுப்படுத்துநர்களுக்கு (பிள்ளைகளிடம் பேசி ஆலோசனை தருபவர்களுக்கு) பயிற்சி தருகிறார். விஷயத்தின் தன்மை கருதி, கேள்வி கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: 1098 அரசாங்கம் நடத்துவதா, தொண்டு நிறுவனம் நடத்துவதா? என் வரிப்பணம் அதற்குப் போகிறதா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

இன்றைக்கு அரசாங்கம்தான் நடத்துகிறது. உங்கள் வரிப்பணமும் போகிறது.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1996ல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத் திட்டமாக ஜெரூ பில்லிமோரியா இதைத் தொடங்கினார். ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு நடுராத்திரியில் ஓர் ஆபத்து வந்தால் கூப்பிட யாராவது வேண்டும் என்பதுதான் நோக்கம். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மறக்காதபடி பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி வருகிற எண்ணாக வைத்தார்கள். 1999ல் சைல்டுலைன் இந்தியா ஃபவுண்டேஷன் உருவானது. மத்திய அரசு அதற்குப் பணம் கொடுக்கும். அது ஊர் ஊராக இருக்கும் தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நான் அப்படி ஒரு நிறுவனத்தில்தான் வேலை பார்த்தேன்.

2023ல் இந்த ஏற்பாடு மாறியது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் மாநில அரசுகளே உதவி எண்ணை நடத்தத் தொடங்கின. இப்போது நீங்கள் 1098ஐ அழைத்தால் மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் எடுப்பார்கள். அங்கிருந்து உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் போகும். செலவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் பங்கு 40 சதவீதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு அது 90க்கு 10.

மிஷன் வாத்சல்யாவுக்கு மத்திய பட்ஜெட்டில் 2022-23, 2023-24, 2024-25 என்று மூன்று ஆண்டுகளும் ஒதுக்கியது ஏறக்குறைய அதே 1,472 கோடி ரூபாய். 2025-26ல் 1,500 கோடி. இது உதவி எண்ணுக்கு மட்டுமான பணம் என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுவதும் இருக்கும் குழந்தைகள் இல்லங்கள், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற குழந்தைகள் நலக்குழுக்கள், சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக்குழுமங்கள், பெற்றோரை இழந்த பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிற நிதி ஆதரவு, மாவட்ட அலகுகளின் சம்பளம் எல்லாம் இதற்குள்தான். விலைவாசியும் வாடகையும் ஏறிக்கொண்டே போகும்போது ஒதுக்கீடு நின்ற இடத்திலேயே நின்றால், அது குறைந்ததாகத்தான் அர்த்தம்.

அரசு கையில் எடுத்ததை நான் வரவேற்கிறேன். ஒரு குழந்தையை அடியிலிருந்தும் அத்துமீறலிலிருந்தும் காப்பது யாருடைய தர்ம சிந்தனையையும் நம்பி நடக்கக் கூடாது. ஆனால் எடுத்துக்கொண்டவர்கள் ஆட்களுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலின்படி ஒரு மாவட்டத்தின் உதவி எண் பிரிவில் ஓர் ஒருங்கிணைப்பாளர், ஓர் ஆற்றுப்படுத்துநர், மூன்று மேற்பார்வையாளர்கள், பிள்ளையை நேரில் போய்ப் பார்க்கிற மூன்று வழக்குப் பணியாளர்கள். மொத்தம் எட்டுப் பேர். இருபத்து நான்கு மணி நேரத்தை மூன்று ஷிஃப்டாகப் பிரித்தால், ஒரு ஷிஃப்டுக்கு ஒரு மேற்பார்வையாளர், ஒரு வழக்குப் பணியாளர். அவர்களுக்கு வார விடுப்பு உண்டு, காய்ச்சல் வரும், வீட்டில் விசேஷம் வரும்.

திருச்சி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சமலையில் ஒரு பிள்ளைக்குப் பிரச்சினை என்றால் இங்கிருந்து துறையூர் போய், அதற்கப்புறம் மலை ஏற வேண்டும். இருக்கிற ஒரே வழக்குப் பணியாளர் அங்கே போய்விட்டார் என்றால், அதே நேரம் மணப்பாறையிலிருந்து வரும் அழைப்புக்கு யார் போவது? இந்தக் கேள்விக்குப் பட்ஜெட்டில் பதில் இல்லை.

கேள்வி: உதவி எண்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை பேசாமல் வைத்துவிடுகிற அழைப்புகளும் விளையாட்டு அழைப்புகளும்தான் என்று படித்தேன். அப்படியானால் இதற்கு இவ்வளவு செலவு தேவையா?
- கல்லூரி மாணவர், கோவில்பட்டி

நீங்கள் படித்தது உண்மைதான். பேசாத அழைப்புகள் நிறைய வரும். ஆனால் அவை வீண் அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறேன். பிள்ளையின் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அழைப்புகள் நேராக எங்கள் ஆபீசுக்கே வந்துகொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் ஒரு போன் வரும். எடுத்து "வணக்கம், சைல்டுலைன்" என்றால் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பின்னால் பஸ் நிற்கிற சத்தம், கண்டக்டர் விசில், "ஏறு ஏறு" என்று குரல். காயின் பாக்ஸ் போன் என்று புரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் வைத்துவிடும். மறுநாளும் அப்படித்தான். ரிஜிஸ்டரில் 'மௌன அழைப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் அந்த நேரத்துக்கு போன் பக்கத்தில் யாராவது ஒருவர் இருக்கிறமாதிரி பார்த்துக்கொண்டோம். எடுத்தவர் யாராக இருந்தாலும், "நீ பேச வேணாம்மா, நான் லைன்ல இருக்கேன்" என்று சொல்லுவோம்.

ஒருநாள் குரல் வந்தது. "நீங்க டீச்சரா?"

"இல்லம்மா."

"போலீசா?"

"அதுவும் இல்ல."

"அப்ப யாரு?"

"உன்னை மாதிரி பிள்ளைங்க கூப்பிட்டா பேசறதுக்குன்னு இருக்கற அக்கா."

உடனே வைத்துவிட்டாள். அடுத்த நாள் ஒரு பெயர் சொன்னாள். அது அவள் பெயர் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், இட்லிக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள் என்று என்னை விசாரித்தாள். நான் பதில் சொன்னேன். ஒரு பிள்ளை நம்மை எடை போட்டுப் பார்க்கும்போது அவசரப்பட்டு "என்ன பிரச்சினை சொல்லு" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அந்தப் போன் அதோடு நின்றுபோகும். கடைசியில் அவளாகவே சொன்னாள்: "வீட்டுக்கு வராதீங்க. ஸ்கூலுக்கு வாங்க."

நானும் இன்னொரு களப்பணியாளரும் போனோம். தலைமையாசிரியை நல்லவர், விவரம் கேட்காமல் ஒரு காலி வகுப்பறையைத் திறந்துவிட்டார். அந்தப் பிள்ளை வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டே, வீட்டில் இருக்கிற ஒரு கோழியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. திரும்பவும் போனோம். அப்புறம்தான் வீட்டில் யாரால் ஆபத்து என்று சொன்னாள். குழந்தைகள் நலக்குழு முன்னால் போய், சித்தி வீட்டில் இருக்க ஏற்பாடாகி, அங்கேயே பள்ளியிலும் சேர்த்தார்கள். வழக்கு தனியாக நடந்தது.

இதற்கு ஆன செலவு என்ன? பஸ் டிக்கெட், ஒரு பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பன்னும் டீயும், இரண்டு பேருடைய பல நாள் நேரம். ரிஜிஸ்டரை மட்டும் புரட்டுகிற ஒரு தணிக்கையாளருக்கு அதில் நிறைய மௌன அழைப்பும் ஒரே ஒரு 'கேஸு'ம்தான் தெரியும். அழைப்பை எண்ணி, ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்துப் பணம் கொடுக்க ஆரம்பித்தால், முதலில் வெட்டுப்படுவது அந்த மௌனத்துக்கு ஒதுக்குகிற நேரம்தான்.

விளையாட்டாகக் கூப்பிட்டுச் சிரித்துவிட்டு வைக்கிற பையன்களையும் நாங்கள் திட்டியதில்லை. எண் அவனுக்கு மனப்பாடமாகிவிட்டதே, அது போதும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் ஆறு ஏழு வயதுப் பிள்ளை அடிக்கடி அலறி அழுகிறது. உடம்பில் காயம் பார்த்தேன். 1098க்குச் சொன்னால் என் பெயர் வெளியே வருமா? தவறாகப் போய்விட்டால் என் மேல் வழக்கு வருமா?
- ஒரு வாசகி, கரூர்

இன்றைக்கே கூப்பிடுங்கள். பத்திரிகையில் பதில் வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்று உங்களுக்கு ஆசிரியர் குழு முன்பே தெரிவித்துவிட்டது. மற்றவர்களுக்காக இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். பிள்ளைக்கு ஏறக்குறைய என்ன வயது, வீடு எங்கே, நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன, காதால் கேட்டது என்ன, எந்த நேரத்தில் நடக்கிறது, எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று தெரிந்தால் அதுவும். இவ்வளவு போதும். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. தயவுசெய்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு நீங்களே விசாரிக்க வேண்டாம், பெற்றோரிடம் போய்ச் சண்டை போடவும் வேண்டாம். அன்று ராத்திரி அந்தப் பிள்ளைதான் அதற்கும் சேர்த்து அடி வாங்கும்.

பொறுப்பில் இருப்பவர்களே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75வது பிரிவு பொருந்தும். பாலியல் அத்துமீறல் என்ற சந்தேகம் இருந்தால் விஷயம் இன்னும் கண்டிப்பானது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19வது பிரிவு, தெரிந்த யாரும் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் 21வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. பள்ளி, விடுதி மாதிரி இடங்களின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது என்றும் அதே 19வது பிரிவிலேயே இருக்கிறது. குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்பது 23வது பிரிவு.

"பிள்ளையைப் பிரித்து ஏதாவது இல்லத்தில் போட்டுவிடுவார்களோ" என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். சட்டப்படி இல்லம் கடைசி வழிதான். பாதுகாப்பான உறவினர் இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கும் ஒரு பணியாளர் பாட்டி வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் அலைய வேண்டும். அந்த ஆள் இல்லாத மாவட்டத்தில்தான் பிள்ளை நேராக இல்லத்துக்குப் போகிறது.

கேள்வி: எங்கள் பள்ளிச் சுவரில் 14417, 1098 இரண்டும் எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் எதற்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்கிறார்கள்.
- ஆசிரியை, விருத்தாசலம்

14417 தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். தேர்வு பயம், படிப்பு பற்றிய சந்தேகம், பள்ளியில் நடக்கும் தொல்லை எல்லாவற்றுக்கும் கூப்பிடலாம். 1098 எந்த இடத்தில் எந்த ஆபத்து என்றாலும், பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் சேர்த்து. பிள்ளைகளிடம் "எது நினைவு வருகிறதோ அதற்குக் கூப்பிடு" என்று சொல்லுங்கள். சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டியது எடுப்பவர் பொறுப்பு.

ஒரு வேண்டுகோள். அந்த எண்ணைத் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே எழுதாதீர்கள். அங்கே நின்று அதைப் படிக்கிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். கழிப்பறைப் பக்கம், சைக்கிள் நிறுத்துமிடம் மாதிரி இடங்களில் எழுதுங்கள்.

கேள்வி: 1098ஐ அவசர உதவி எண்ணான 112 உடன் இணைத்துவிட்டார்களாமே? இனி கூப்பிட்டால் போலீஸ்தான் வருமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

உடனடி ஆபத்து என்று கட்டுப்பாட்டு அறை கருதுகிற அழைப்பு 112க்குப் போகும். மற்றவை மாவட்ட அலகுக்கு. இந்த நிமிடம் ஒரு பிள்ளையை ஒருவன் அடித்துக்கொண்டிருக்கிறான் என்றால் ரோந்து வண்டி போவதுதான் நல்லது. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

என் கவலை வேறு. வீட்டுத் திண்ணை முன்னால் காக்கிச் சட்டை வந்து இறங்கினால் அந்தத் தெரு முழுவதும் பார்க்கும். அப்புறம் அந்தப் பிள்ளை வாயே திறக்காது. இது தெரிந்துதான் போக்சோ சட்டத்தின் 24வது பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அதற்கு விருப்பமான இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடுமானவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சட்டத்துக்கு இருக்கிற இந்த நிதானம் முதல் அழைப்பிலேயே இருக்க வேண்டும். அவசரமா, நிதானமா என்று போனை எடுத்த சில நிமிடங்களில் பிரித்துப் பார்க்க நல்ல பயிற்சி வேண்டும். கணினி வாங்குகிற வேகத்தில் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

கேள்வி: இங்கே பிரிட்டனில் சைல்டுலைன் பெரும்பாலும் மக்கள் நன்கொடையில் ஓடுகிறது. இந்தியாவில் அப்படிச் செய்தால் அரசை எதிர்பார்க்க வேண்டாமே?
- ஒரு வாசகர், லண்டன்

உங்கள் ஊர் சைல்டுலைன் 1986ல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எஸ்தர் ரான்ட்ஸன் முயற்சியில் தொடங்கி, 2006ல் குழந்தைக் கொடுமைத் தடுப்புக்கான பழைய அறக்கட்டளையான என்எஸ்பிசிசியோடு சேர்ந்தது. 0800 1111 என்ற எண்ணை அங்கே குழந்தைகள் நம்புகிறார்கள். ஆனால் அங்கே போனில் பேசுகிற தன்னார்வலருக்குப் பின்னால் ஊருக்கு ஊர் உள்ளாட்சியின் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் பொதுப் பணத்திலிருந்து. நன்கொடை போனைத் தாங்குகிறது, கதவைத் தட்டப் போகிறவரை அரசு தாங்குகிறது. இங்கே நமக்கு இரண்டாவதுதான் பற்றாக்குறை. இலங்கையிலும் 1929 என்ற எண்ணை அரசின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையே நடத்துகிறது, தமிழிலும் பேசலாம்.

நன்கொடை தருபவர்கள் பள்ளிப் பை, புதுத்துணி, கட்டடம் என்று கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் மனமுவந்து கொடுப்பார்கள். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவரின் சம்பளத்துக்கு யாரும் பெயர்ப்பலகை வைக்க மாட்டார்கள்.

கேள்வி: என் தங்கை ஒரு மாவட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில் வழக்குப் பணியாளராக இருக்கிறாள். சம்பளம் சில சமயம் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. வீட்டில் வேலையை விடச் சொல்கிறோம், அவள் கேட்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.
- ஒரு வாசகர் (ஊர் வேண்டாம்)

நான் அவளை விடச் சொல்ல மாட்டேன். இருக்கச் சொல்லி வற்புறுத்தவும் எனக்கு உரிமை இல்லை. வாடகையும் பிள்ளை ஃபீஸும் நல்ல மனசுக்காகக் காத்திருக்காது.

ஏன் தள்ளிப்போகிறது என்று மட்டும் சொல்கிறேன். மத்திய அரசின் பங்கு தவணையாக வரும். முந்தைய தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்தது. மாநிலம் தன் 40 சதவீதத்தை அதற்கென்று உள்ள தனிக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாவட்டத்திலிருந்து கணக்கு வர வேண்டும். எங்கோ ஒரு மேஜையில் ஒரு தாள் நின்றால் எல்லாம் நிற்கும். தொண்டு நிறுவனக் காலத்திலும் இதே கதைதான். அப்போது நிறுவனம் கைமாற்று வாங்கியாவது ஏதோ கொடுக்கும். எங்கள் மாதச் சம்பளம் பத்தாயிரத்தைத் தொட்டதில்லை. இப்போது தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சேர்ப்பு அறிவிப்புகளில் வழக்குப் பணியாளருக்கு 18,000 ரூபாய் என்று போடுகிறார்கள். முன்னேற்றம்தான். அதையும் நேரத்துக்குக் கொடுத்தால்தானே அது சம்பளம்?

இதில் நஷ்டம் உங்கள் தங்கைக்கு மட்டும் இல்லை. நான் பயிற்சி கொடுத்த நல்ல பெண்கள் பலர் துணிக்கடைக்கும் தனியார் பள்ளி அலுவலகத்துக்கும் போய்விட்டார்கள். போக்சோ வழக்கு நீதிமன்றத்தில் வருவதற்குள் பிள்ளைக்கு மூன்று பணியாளர்கள் மாறியிருப்பார்கள். ஒவ்வொரு புது முகத்திடமும் அந்தப் பிள்ளை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சம்பளத் தாமதத்தின் விலையை அங்கே ஒரு பிள்ளை கொடுக்கிறது. இதைப் பட்ஜெட் போடுகிறவர்கள் ஒரு தடவையாவது நீதிமன்ற வராந்தாவில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு.

தங்கையிடம் நான் சொன்னதாக ஒன்று மட்டும் சொல்லுங்கள்: நிலுவையை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். தனியாக வேண்டாம், எட்டுப் பேரும் சேர்ந்து.

கேள்வி: சாதாரண ஆளாக நான் இதில் என்ன செய்ய முடியும்?
- ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மயிலாடுதுறை

தபால் துறைக்காரர் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் வேலையே தபாலில்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: உதவி எண் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, இன்றைய தேதியில் காலி எத்தனை, கடந்த நிதியாண்டில் ஒவ்வொரு மாதச் சம்பளமும் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, களத்துக்குப் போக வண்டி, எரிபொருள் செலவு எவ்வளவு, தகவல் வந்ததிலிருந்து குழந்தையை நேரில் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது. எந்தக் குழந்தையைப் பற்றியும் விவரம் கேட்க வேண்டாம். அது அவர்கள் தரக் கூடாதது, நாம் கேட்கவும் கூடாதது.

அப்புறம், உங்கள் ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடுகிறதா என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பல ஊர்களில் அது பதிவேட்டில் மட்டும்தான் கூடுகிறது.

மனுவுக்குப் பதில் வந்ததும் ஒரு நகல் எங்களுக்கு அனுப்புங்கள். மற்ற மாவட்ட வாசகர்களும் அனுப்பினால், காலிப் பணியிடங்களையும் சம்பளத் தேதிகளையும் மாவட்ட வாரியாக வெளியிட ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.